மூன்றாவது விதை

ஐப்பசிப் பனி மூடுவதற்குள் இமயமலைச் சரிவில் விதை சேகரித்தாக வேண்டும். இவ்வளவு உயரத்தில் நான் ஒருத்திதான். சிக்னல் போய்விட்டால் போனே வீட்டு ஆளின் குரலில் பேச்சைத் தொடரும். மாறியது நமக்குத் தெரியாது. “நீங்கதானா?” என்று கேட்டால் மட்டும் பொய் சொல்லாது. “இல்லை” என்று சொல்லிவிட்டு அடங்கிவிடும்.

பாறை இடுக்கில் காய்ந்து நின்ற ஒரே செடியில் மூன்று விதைகள் கிடைத்தன. ஒன்றை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கைச் சுமந்து வராதே என்பது ஆபீஸ் கட்டளை. முதல் விதை பொக்கு. இரண்டாவதும் பொக்கு. மூன்றாவதன்மேல் கத்தியை வைத்தேன்.

“ஞானா, சாப்பிட்டியா?” காதில் என் கணவர் ஜெபராஜ். நான் நாகர்கோவிலிலிருந்து கிளம்பும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

“சாப்பிட்டேங்க. மூச்சு இன்னும் இரைக்குதா?”

“இப்பப் பரவால்ல. நீ ஸ்வெட்டரைக் கழட்டிராத.”

நேற்றும் அச்சு அசலாக இதையேதான் சொன்னார். அவரும் சொன்னதையே சொல்கிற ஆள்தான்.

“நீங்கதானா?” என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கத்தியை மடக்கினேன். விதையை வெட்டாமலே உறையில் போட்டு ஒட்டினேன்.

“கழட்டலைங்க,” என்றேன். “நீங்க பேசுங்க.”