பதிந்த தோள்

“இடது தோளை இன்னும் கொஞ்சம் கீழை பதிச்சு விடுங்கோ அண்ணை. என்ரை மகளுக்கு அந்தத் தோள் பதிவு.”

சொல்லிவிட்டுப் பாலேஸ்வரி கதிரையில் சாய்ந்தாள். தையல்காரர் கிறகோரி, கடைக் கண்ணாடிக்குள் நின்ற பொம்மையை மேசையில் கிடத்தி அரத்தை எடுத்தார். கடுதாசிக் கூழில் செய்த பொம்மை. அராவ அராவ வெள்ளை மாவாகக் கொட்டியது.

அவளுடைய மகள் வதனி கிளாலிக் கடலில் படகோடு போய்விட்டாளாம். உடல் கிடைக்கவில்லை. அப்படியானால் தர்ப்பைப் புல்லில் உருச் செய்து எரிப்பதுதான் சைவர்களின் வழக்கம். பாலேஸ்வரிக்கு அது போதவில்லை.

“புல்லிலை பட்டுச்சீலை நிக்குமே? அவளின்ரை கலியாணத்துக்கெண்டு எடுத்து வைச்ச சீலை. அதோடைதான் எரிக்கவேணும்.”

“உங்கடை புத்தூரிலை தையல்கடை இல்லையோ தங்கச்சி? உரும்பிராய் வரைக்கும் வந்திருக்கிறியள்.”

“இருக்கு. உங்கடை கையாலை செய்விக்க வேணுமெண்டுதான் வந்தனான்.”

கிறகோரி உருகிப்போனார். அவருடைய மகன் லயனலும் வவுனியாவிலிருந்து அதே கடலைக் கடந்துதான் இந்தக் கிழமை வரவேண்டும். இன்னும் ஒரு தகவலும் இல்லை. இந்தத் தாய்க்கு ஒரு குறையும் வைக்காமல் செய்து கொடுத்தால், மாதா தன் பிள்ளையைக் கரை சேர்ப்பாள் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டார்.

“இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு வேணும். வலது கையை இடுப்பிலை வையுங்கோ. என்னோடை கதைக்கேக்கை அப்பிடித்தான் நிப்பாள்.”

அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. துக்கம் நெஞ்சை அடைத்துவிட்டது போலும், பாவம் என்று நினைத்தார்.

“உது நல்லா எரியுமோ?”

“கடுதாசிதானே. எரியும்.”

“ஒண்டும் மிஞ்சக்கூடாது. விடிய வந்து எடுக்கிறன்.”

அவள் போனபிறகு கிறகோரி கையை வெட்டி மடக்கி ஒட்டினார். தழும்பைக் கீறினார். பாலேஸ்வரி தந்துவிட்டுப் போன வதனியின் சட்டையைப் போட்டார். ஊசி குத்தத் தேவையில்லாமல் சட்டை உடம்போடு பொருந்தியது. சேலையையும் கட்டி நிறுத்தினார். தோள் பதிந்ததில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, பொம்மை ஏதோ கேட்க வாயெடுப்பதுபோல் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி இருக்க அவருக்குத் துணிவு வரவில்லை. கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பொழுதுபட்டு, விளக்கைக் கொளுத்தியபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

“அப்பா.”

லயனல். உப்பு நீரில் தோய்ந்து காய்ந்த உடுப்போடு நின்றான். கிறகோரி மகனைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

“அப்பா, கோவிக்கக்கூடாது. வவுனியாவிலை கலியாணப் பதிவு எழுதிப்போட்டன். மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்.”

அவனுக்குப் பின்னால் நின்ற பெண் வெளிச்சத்துக்கு வந்தாள். இடது தோள் பதிந்திருந்தது. புருவத்தில் தழும்பு.

கிறகோரி சிலுவை போட்டபடி திரும்பிப் பார்த்தார். பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது.

“பிள்ளை... நீர் வதனியோ? உயிரோடை இருக்கிறீரோ? அங்கை உம்மடை அம்மா நீர் கடலோடை போயிட்டீர் எண்டெல்லோ...”

அவள் பொம்மையையே பார்த்தாள். அவளுடைய வலது கை தன்பாட்டில் இடுப்புக்குப் போயிற்று.

“உது என்ரை சட்டை, மாமா,” என்றாள் மெதுவாக. “போன மாசம் வீட்டை போய், கிறிஸ்தவ வேதக்காரரைத்தான் கட்டப்போறன் எண்டு அம்மாட்டைச் சொன்னனான். அப்பிடியெண்டா உன்னை எரிச்சுத் தலை முழுகிப்போடுவன் எண்டவ. பிறகு ஒண்டே ஒண்டுதான் கேட்டவ, பெடியன்ரை தேப்பன் ஆர் எண்டு. உரும்பிராயிலை தையல்கடை வைச்சிருக்கிறார் எண்டு நான்தான் சொன்னனான்.”