நாற்பத்தேழாம் நம்பர் கால்

ஓசூரில் செயற்கை மூட்டு தயாரிக்கும் கம்பெனி அது. மூட்டுவலி முகாமில் எடுத்த ஸ்கேன்களைப் பார்த்து, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் அகலத்தை அளப்பது இரம் என்ற பெண்ணின் வேலை. ஸ்கேனில் பெயர் இருக்காது. எண், வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான்.

“நாற்பத்தேழை ஏம்மா மறுபடி சேர்த்த?” என்றார் இன்ஜினியர் ஹரீஷ்குமார்.

“அளவு சரிதான் சார். ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்.”

“இவ்ளோ சின்ன எலும்பு பெரியவங்களுக்கு இருக்காது, மெஷின் தப்புன்னு நேத்து நீதான லிஸ்ட்ல இருந்து அடிச்ச?”

“ஆமா சார்.”

“ஒருத்தருக்காக, எலும்பு மேல பொருத்தற தட்டை இன்னொரு சைஸ்ல செய்யணுமே!”

“இல்லன்னா பெரிய தட்டு எலும்பைத் தாண்டி நீட்டிக்கிட்டு சதையில குத்தும் சார்.”

“மெஷின் தப்பில்லன்னு எப்படிச் சொல்ற? ஆளைப் பார்த்தியா?”

இரம் ஒரு முகாம் சீட்டை மேசைமேல் வைத்தாள். எண் 47.

“தெனமும் பார்க்கிறேன் சார். காலையில தைலம் தேய்க்கறப்ப எங்கம்மா தலையணைக்கு அடியில இது இருந்துச்சு. எங்கிட்ட சொல்லாமலே முகாமுக்குப் போயிருக்காங்க.”

ஹரீஷ்குமார் லிஸ்ட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“இது மாதிரி இன்னும் எத்தனை நம்பரை அடிச்சிருக்க?”

“பதினொண்ணு சார்,” என்றாள் இரம். “எல்லாமே பொம்பளைங்க.”