நெற்றியில் நின்ற கை

கோடை முழுக்க ஒரே அறையில் தங்கி, ஒரே அகராதியைப் புரட்டி எபிரேயம் படித்த நண்பர் சிலுவைமுத்துவை, அக்கா மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அழைத்து வந்திருந்தார் இஞ்ஞாசி சாமியார். சிலுவைமுத்துவும் சாமியார்தான். ஆனாலும் அக்காவின் மாமனார் விடவில்லை. "ஊரு சரிங்க சாமி, எந்தத் தெரு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பந்தியில் எல்லோருக்கும் வாழையிலை விழுந்தது. சிலுவைமுத்துவுக்கு மட்டும் காகிதத் தட்டு.

சாமியார் ஜெபம் சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் சோற்றில் கைவைக்க மாட்டார்கள். இஞ்ஞாசி எழுந்து, சிலுவை அடையாளம் போடத் தொடங்கி, "தந்தை..." என்று நெற்றியில் விரல் வைத்தார். பந்தி மொத்தமும் நெற்றியில் விரல் வைத்தது. அடுத்து மார்புக்கு இறங்க வேண்டிய அவர் கை அங்கேயே நின்றுவிட்டது.

"சாமி, சோறு ஆறுது," என்றார் மாமனார், தன் விரலை எடுக்காமலே.

"ஆறட்டும். இவருக்கு எலை வரட்டும், மிச்சத்தைச் சொல்றேன்."

"எலை தீந்துபோச்சுங்க சாமி."

"அப்ப ஜெபமும் தீந்துபோச்சு."

ஜன்னலோரம் பிரிக்காத இலைக்கட்டு ஒன்று பச்சையாகக் கிடந்தது. நாற்பது பேரும் நெற்றியில் விரலோடு அதைப் பார்த்தார்கள். முதலில் இறங்கியது அக்காவின் கை. அது மார்புக்குப் போகவில்லை. மாமனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் இலைக்கட்டை அவிழ்த்தாள்.