முதன்முறை வருகிறவர்களுக்கான அட்டை

வாசலில் நின்றவர் அட்டையை நீட்டினார். அதே பூப் போட்ட அட்டை. எங்கள் சபைக்கு முதன்முறை வரும் உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.

முதன்முறையாம். என் தலையெழுத்து.

நான் இந்தச் சபைக்கு வந்து பதினொரு மாதம் ஆகிறது. வரவேற்புக் குழுவில் நாலு பேர், வாரம் ஒருத்தர் வாசலில் நிற்பார். தெரியாத முகமென்றால் அட்டை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. என் முகம் இன்னும் யாருக்கும் தெரிந்தபாடில்லை. வீட்டில் நாற்பது சொச்சம் அட்டை சேர்ந்துவிட்டது.

முதல் வாரம் நானும் அப்பாவியாய் அதை நிரப்பிக் கொடுத்தேன். ஜெபக் குறிப்பு என்ற இடத்தில் அம்மாவின் வலது முழங்கால் ஆபரேஷனை எழுதினேன். ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றி நடந்து, அந்தக் கம்பையும் அம்மா தூக்கிப் போட்டாயிற்று. ஒரு ஆள் விசாரிக்க வேண்டுமே. ஊஹும்.

ஒருவரையொருவர் தாங்குங்கள் என்று போதகர் தொண்டை வற்றப் பேசுவார். ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் எல்லாரும் வண்டிச் சாவியைத் தேடுவார்கள். நான் லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்துகிற என்னிடமே தினமும் அறுபது பேர் வீட்டுக் கதை சொல்லிவிட்டுப் போகிறார்கள். இங்கே ஏன் என்று கேட்க நாதியில்லை.

இன்றோடு சரி, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று காலையிலேயே தங்கையிடம் போனில் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் ஒருத்தரையாவது நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும். மாட்டினார் இவர். பள்ளி வேன் ஓட்டுகிறவர். மாதத்தின் முதல் ஞாயிறு இவருடைய முறை.

“அண்ணே, பதினொரு மாசமா வர்றேன். இன்னமுமா என்னைத் தெரியல?”

சத்தம் கொஞ்சம் கூடிப்போனது. பாட்டுக் குழுவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் முகம் சுளிக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் இப்போது தேவலையா என்று கேட்டார். வலது கால்தானே என்றும் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே எரிச்சல் இரண்டு மடங்கானது. தெரிந்துகொண்டே மாதாமாதம் எதற்கு இந்தக் கூத்து என்று பிடித்துக்கொண்டேன்.

அட்டைக் கட்டைக் கை மாற்றிப் பிடித்தார்.

“இது கையில இருந்தாத்தான்மா ஒருத்தர்கிட்ட போய் நின்னு பேச வருது. மத்த ஞாயிறெல்லாம் சும்மா உக்காந்துட்டுப் போயிடுவேன். ஒம்பது வருஷமா அப்படித்தான்.”

மற்ற ஞாயிறுகளில் இவரை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். சத்தியமாக ஞாபகம் வரவில்லை. வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன், எங்கே உட்காருவீர்கள் என்று.

நான் வாராவாரம் உட்காரும் பெஞ்சைக் காட்டினார். அதன் மறு ஓரம்.