பஞ்சுமிட்டாய் கலர்

“நூத்தம்பது வருஷக் கட்டடம் சார்! அதுக்குப் போய் யாராவது பஞ்சுமிட்டாய் கலர் அடிப்பாங்களா?”

பக்கத்துத் தையல் கடையைக் காட்டி, பாரம்பரியக் கட்டட அதிகாரியிடம் பொரிந்து தள்ளினேன். துறைமுகத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது எங்கள் பன்னிரண்டு கடைகள்தான். ஒரே வரிசை, ஒரே வயது. என் கடிகாரக் கடை வாசலில் நின்றாலே அந்த ரோஸ் கண்ணைக் குத்தும். ஒரு மாதமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐந்து மனு போட்டுவிட்டேன்.

“முதன்முதல்ல அடிச்ச நிறம் எதுவோ, அதைத்தான் அடிக்கணும். அதான் சட்டம்” என்றார் அதிகாரி.

“அதைத்தானே சார் நானும் கத்திட்டிருக்கேன்!”

தையல்காரர் தன் கடை வாசலில் நின்று ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஆனா இவர் சுவரைச் சுத்தமாச் சுரண்டிட்டு அடிச்சிருக்கார். பழைய பூச்சு எதுவும் மிச்சமில்லையே.”

“என் சுவரைப் பாருங்க சார்! எங்க தாத்தா காலத்திலிருந்து சுரண்டினதே இல்ல.”

அதிகாரி சின்னக் கத்தியால் என் சுவரைச் சுரண்டினார். வெள்ளை போனது, பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் காவி. நான் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். மற்றக் கடைக்காரர்களும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

காவிக்கு அடியில் பஞ்சுமிட்டாய்.

“கப்பல்காரங்களுக்குத் தூரத்திலேயே தெரியணும்னு அடிச்சிருக்காங்க” என்றபடி எழுதிக்கொண்டார் அதிகாரி. “மாசக் கடைசிக்குள்ள வரிசை முழுக்க இதே நிறம் வந்தாகணும். தையல் கடை மட்டும் அப்படியே இருக்கலாம்.”

மற்றப் பத்துக் கடைக்காரர்களும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தையல்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“ரெண்டு டப்பா மிச்சம் இருக்கு. தரட்டுமா அண்ணே?”