தூக்குமுன் ஒரு மூச்சு

மறுபடியும் தவறியது.

அவள் தந்தியைத் தொடுவதற்குள் பியானோ முந்திவிட்டது. போன தடவை அவள் முந்தினாள்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் நடுவில் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பியானோவும் தம்பி மினோருவும். இந்தப் பக்கம் அவள், ஆள் நீளத்துக்குக் கிடக்கும் ஜப்பானியத் தந்தி வாத்தியமான கோட்டோவின் முன்னால். காதில் ஹெட்போன். பேசினால் கேட்கும். மூச்சு விட்டால் கேட்காது.

"கூடையக் கவுத்துட்டியே அக்கா," என்றான் அவன், ஹெட்போனுக்குள்.

சிரித்துவிட்டாள்.

மேடையில் இந்தத் தொல்லை வந்ததே இல்லை. பக்கத்தில் இருப்பான். மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான். அது போதும். ஜப்பானில் அவள் பழகிய பழைய பாட்டும், ஹாம்பர்கில் அவன் படித்த புதுப் பாட்டும் அந்த ஒரு மூச்சில்தான் ஒன்றாய் எழும்பும். மாயம் என்று பேப்பரில் எழுதினார்கள்.

மாயமுமில்லை, மண்ணுமில்லை. சின்ன வயசில் கடற்கரையில் சிப்பிக் கூடை தூக்கின பழக்கம்.

கம்பின் ஒரு முனை அவள் தோளில், மறுமுனை அவன் தோளில். நடுவில் ஈரம் சொட்டும் கூடை. ஒருவர் முந்தி எழுந்தால் மொத்தப் பாரமும் மற்றவர் மேல் சறுக்கும். ஒருநாள் அவன் முந்தினான். அவள் தோளெலும்பு இன்றைக்கும் மேடு தட்டித்தான் கிடக்கிறது.

அதற்குப் பிறகு அவள் காதில் விழும்படி மூச்சு இழுக்காமல் அவன் எதையும் தூக்கியதில்லை. எதையும் தொடங்கியதும் இல்லை.

ஒலிப்பதிவுக்கார ரால்ஃபுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் குரலும் காதுக்குள் வந்தது.

"ரெண்டு பேர் காதுக்கும் தாளக் கிளிக் போட்டுடறேன். நாலு எண்ணிட்டு ஆரம்பிங்க. மினோரு, போன வாரம் வெச்ச அதே வேகம்தானே?"

மினோரு சட்டைக் கையால் பியானோ கட்டைகளைத் துடைத்தான். அதில் தூசி இல்லை.

போன வாரம் அவன் பல் பிடுங்கப் போயிருந்தான்.

அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வந்தவனுக்கு அவள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஒரு கடைவாயில் ஒதுக்கி ஒதுக்கிக் குடித்தான், பாவி. இன்னும் கொஞ்சம் ஊற்று என்று வேறு கேட்டான்.

டக். டக். டக். டக்.

பியானோ சரியாக விழுந்தது. முதல் தடவையிலேயே. கைக்குப் பழகின வேகம்.

அவளும் பிடித்துக்கொண்டாள். வேலைக்கு இறங்கிவிட்டுப் பாதியில் கை உதறுகிற வளர்ப்பு இல்லை அவளுடையது. வாசித்துக்கொண்டே கண்ணாடி வழியாக அவன் நெஞ்சைப் பார்த்தாள்.

அது ஏறவில்லை.

பாட்டு முடிந்ததும் ரால்ஃப் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வாய்க்குப் பூட்டில்லாத மனிதர். போன வாரம் மினோரு தனியாக வாசித்ததும் இப்படித்தான் ஒரே மூச்சில் முடிந்தது என்றார். கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அடுத்த ஆல்பம் அவன் பேரில் மட்டும்தானாம். அக்காவுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் என்றார்.

பெருமைதான் என்று தலையை ஆட்டினாள்.

விரல்களில் மாட்டியிருந்த தந்த நகங்களைக் கழற்றி டப்பாவில் போட்டாள். கோட்டோவை உறைக்குள் தள்ளி, நாடாவை இழுத்துக் கட்டினாள். வேண்டியதற்கு மேலேயே இறுக்கினாள்.

கீழே இறங்கும் படி குறுகல். திருப்பத்தில் இரண்டு பேர் இல்லாமல் கோட்டோ இறங்காது.

மினோரு வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து மறுமுனையைப் பிடித்தான்.

மூச்சு இழுத்தான்.

நன்றாகக் கேட்டது. அதே மூச்சு. கடற்கரை மூச்சு.

அவள் எழவில்லை. பிடியை விடவும் இல்லை.

"எண்ணு, மினோரு," என்றாள்.