கைப்பட எழுதிய மன்னிப்பு

“கண்ணீர் எந்த வரியில விழணும், மேடம்?” என்று கேட்டார் யுன்-சோப். தண்ணீர் நிரப்பிய சொட்டுமருந்துக் குப்பி அவர் கையில் தயாராக இருந்தது.

“‘வெட்கப்படுகிறேன்’ மேல ஒரே ஒரு சொட்டு. போன வாரம் அந்த நடிகைக்கு நாலு சொட்டு விட்டு எழுத்தே கரைஞ்சுபோச்சு,” என்றார் ஹே-ரான். மாட்டிக்கொண்ட பிரபலங்களைக் கரையேற்றுவதுதான் சியோலில் அந்த அம்மாளின் தொழில். மன்னிப்புக் கடிதங்களை அவரவர் கையெழுத்திலேயே எழுதித் தருவது அவரிடம் வேலை செய்யும் யுன்-சோப். ஓரினச் சேர்க்கையாளருக்கு ஆதரவாக வானவில் கொடி பிடித்ததற்காக அந்த நடிகை கிறிஸ்தவ சபையாரிடம் மன்னிப்புக் கேட்டதும் யுன்-சோப்பின் கைவண்ணம்தான்.

இன்றைய ஆள் அதற்கு எதிர்க்கட்சி. தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்தும் தேவாலய மூப்பர் குவாங்-சிக், ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது பாவம் என்று தன் சபையில் பேசியது இணையத்தில் பரவிவிட்டது. மாலை ஆறு மணிக்குள் கைப்பட எழுதிய மன்னிப்பு வெளியாக வேண்டும். இல்லையென்றால் நிகழ்ச்சி போச்சு.

“நான் நம்புறதைத்தானே சொன்னேன்? அதுவும் சபையில. டிவியில கிம்ச்சி ஊறுகாய் போடும்போதா சொன்னேன்? இதுக்குப் போய் இருபது வருஷ வேலையைப் பிடுங்குவாங்களா?” என்று பொருமினார் மூப்பர்.

“தாராளமா நம்புங்க. கடிதத்துல மட்டும் நம்பாதீங்க,” என்றார் ஹே-ரான்.

மூப்பர் யுன்-சோப் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க தம்பி. எனக்கு வேலை போகணுமா?”

“வேண்டாங்க. வாயைத் திறந்தா வேலை போயிருமோன்னு பயந்து பயந்து வாழறது பெரிய கொடுமை.”

தாளில் உரசாதிருக்க யுன்-சோப் தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூப்பரின் பழைய சமையல் குறிப்புகளைப் பார்த்து அதே கையெழுத்தில் எழுதத் தொடங்கினார். வழக்கமாக என்ன எழுத வேண்டும் என்று ஹே-ரான் சொல்வார். இன்று யுன்-சோப் கேட்கவே இல்லை.

‘உங்களைப் பாவிகள் என்றேன். இருபது வருடமாக என் சமையலைப் பார்த்துச் செய்து சாப்பிட்டவர்களில் நீங்களும் இருந்தீர்கள் என்பதை மறந்தேன். வெட்கப்படுகிறேன்.’

மூப்பர் படித்தார். மறுபடியும் படித்தார். குப்பிக்கு வேலையில்லாமல் ஒரு சொட்டு தானாகவே விழுந்தது.

“ஒரு வரி தள்ளி விழுந்திருக்கு. பரவாயில்ல, துடைக்காதீங்க,” என்றார் ஹே-ரான்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கடிதம் வெளியானது. ஆறரைக்குத் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது, நிகழ்ச்சி தொடரும் என்று.

மூப்பர் யுன்-சோப்பின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மோதிரம் மறுபடி விரலுக்கு வந்திருந்தது. “என் பிழைப்பைக் காப்பாத்திட்டீங்க தம்பி. இன்னைக்கு உங்க குடும்பத்துக்காகத்தான் என் ஜெபம். மனைவி பேரைச் சொல்லுங்க.”

“ஆமா, ஒன்பது வருஷத்துல ஆபீஸ் விருந்துக்கு ஒரு தடவையாவது கூட்டிட்டு வந்தீங்களா? எனக்கும் சொல்லுங்க,” என்று சிரித்தார் ஹே-ரான்.

யுன்-சோப் சுவரில் இருந்த திரையைப் பார்த்தார். மூப்பரின் மன்னிப்பை அதற்குள் எட்டு லட்சம் பேர் படித்திருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அவருக்குப் பட்டது.

“மனைவி இல்லீங்க, புருஷன். பேரு சாங்-மோ.”